பெண் பார்க்க வந்த பாட்டி

1200-ஆம் ஆண்டின் குளிர்காலம். பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயின் பக்கம் ஒரு பரிவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. நடுநாயகமாக ஒரு மூதாட்டி. வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். வழியில் லூசிஞான் வம்சத்துப் பிரபு ஒருவர் மறித்து, லா மார்ஷ் சீமையைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு போக முடியும் என்று மடக்கியதாக ஒரு பேச்சு உண்டு. அம்மையார் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தாராம். சீமை போனால் போகட்டும், போகிற காரியம் பெரிது என்று நினைத்திருக்க வேண்டும்.

காரியம், பெண் பார்ப்பது.

அவர்தான் அக்குவிட்டேன் எலினோர். இந்தத் தொடரில் முன்பே வந்துபோனவர். முதலில் பிரான்சுக்கு ராணி, அந்தத் திருமணம் ரத்தான பின் இங்கிலாந்துக்கு ராணி, சிங்கநெஞ்சர் ரிச்சர்டைப் பெற்றவர். ரிச்சர்ட் முந்தைய வருடம்தான் அம்புக் காயத்தில் இறந்திருந்தார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த கடைக்குட்டி ஜான், பிரான்ஸ் மன்னர் இரண்டாம் பிலிப்போடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். அதில் ஒரு ஷரத்து: பிலிப்பின் மகன் லூயிக்கு ஜானின் அக்கா மகள் ஒருத்தியைக் கட்டிக்கொடுக்க வேண்டும். அந்த அக்கா இருந்தது கஸ்தீலில். கல்யாணப் பேச்சுக்கு ஏற்ற வயதில் அவர் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்தப் பயணத்தைப் பாட்டியின் சாகசமாகத்தான் எழுதுகின்றன. வாசலில் நின்று வரவேற்ற மகளுக்கு அரை வரி கிடைத்தால் அதிகம். எனக்கென்னவோ அந்த அரை வரிக்குள்தான் கதையே இருக்கிறது. அந்த மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பி முப்பது வருடம் ஆகியிருந்தது.

லியோனோர் பிறந்தது நார்மண்டியின் தோம்ஃப்ரோன் கோட்டையில், 1161 வாக்கில். அப்பா இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. 1170-இல் கஸ்தீல் தூதுக்குழு போர்தோ நகரத்துக்கு வந்து அழைத்துப்போனபோது அவளுக்கு வயது ஒன்பதுதான். மாப்பிள்ளை எட்டாம் அல்போன்சோவுக்குப் பதினான்கு. செப்டம்பரில், அராகன் நாட்டு எல்லைக்குள் இருந்த தாராசோனாவில் திருமணம் நடந்தது.

மாப்பிள்ளையின் பின்கதை பரிதாபமானது. பிறந்த மறு வருடமே அம்மா போய்விட்டார். மூன்று வயது நிறைவதற்குள் அப்பாவும் போனார். பிள்ளை ராஜாவை யார் கைக்குள் வைத்துக்கொள்வது என்று லாரா குடும்பமும் காஸ்த்ரோ குடும்பமும் அடித்துக்கொண்டன. இந்தப் பக்கம் லியோன் நாட்டு ராஜா, அவருடைய சித்தப்பா. அந்தப் பக்கம் நவார் நாட்டு ராஜா, தாய்மாமன். இரண்டு பேரும் நெருங்கிய சொந்தம். இரண்டு பேரும் கிடைத்த ஊரைப் பிடித்துக்கொண்டவர்கள். சொந்தத்தால் இவ்வளவு பட்ட பையனுக்கு, கடலுக்கு அப்பால் கை நீளும் ஒரு மாமனார் தேவைப்பட்டார். ஹென்றிக்கும் கணக்கு இருந்தது. மனைவி வழியில் வந்த காஸ்கனி சீமை பிரனீஸ் மலையடிவாரம் வரை நீண்டிருந்தது. தெற்கு எல்லையில் ஒரு மருமகன் இருப்பது நல்லதுதானே.

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரிசம் எழுத்தில் இருக்கிறது. புர்கோஸ் கோட்டை தொடங்கி ஏராளமான ஊர்கள், கோட்டைகள், வருமானங்கள். அதற்கும் மேலே, இனி முஸ்லிம்களிடமிருந்து பிடிக்கப்போகும் நிலத்தில் பாதி. ஒன்பது வயதுச் சிறுமிக்கு இன்னும் கைக்கு வராத நாட்டில் பாதியை எழுதி வைத்திருக்கிறார்கள்! பெண் வீட்டுச் சீதனம்தான் தகராறு. எலினோரின் காலத்துக்குப் பிறகு காஸ்கனி மகளுக்கு என்று பேச்சு என்றது கஸ்தீல் தரப்பு. இங்கிலாந்து தரப்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இந்தச் சீதனத் தகராறு தீர எண்பத்து நான்கு வருடம் ஆனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமனார் சீக்கிரமே பயன்பட்டார். மருமகனுக்கும் நவார் தாய்மாமனுக்கும் இருந்த எல்லை வழக்கு 1177-இல் லண்டனுக்கே போனது. இரு தரப்பு வக்கீல்களும் கடல் கடந்து போய் வாதாட, ஹென்றி தீர்ப்புச் சொன்னார். மருமகனின் வழக்கை மாமனாரே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா என்று நவார் தரப்பு ஏன் யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான். நீதிபதியின் பெயர் அவ்வளவு பெரிதாக இருந்தது.

அந்தப் பெயருக்குக் கறையும் இருந்தது. லியோனோர் கல்யாணமாகிப் போன மூன்றே மாதத்தில், 1170 டிசம்பர் 29 அன்று, கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவர்கள் ஹென்றியின் வீரர்கள். ஐரோப்பாவே அதிர்ந்தது. மூன்று வருடத்துக்குள் போப் அவரைப் புனிதராக அறிவித்தார். மகள் என்ன செய்தார்? 1179-இல், தொலேடோ பேராலயத்தில் இருந்த புனித தாமஸ் பீடத்தைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு தன் பெயரிலேயே ஒரு சாசனம் கொடுத்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். இதில் அவர் தனியாகவும் இல்லை. தங்கை ஜோன் ராணியாக வாழ்ந்த சிசிலியில், மொன்ரியாலே பேராலயத்து மொசைக் சுவரில் பெக்கெட் நிற்கிறார். அக்கா மெடில்டா வாழ்க்கைப்பட்ட சாக்சனியில், அவர் கணவர் செய்வித்த நற்செய்தி ஏட்டுச் சுவடியிலும் பெக்கெட் இருக்கிறார். அப்பாவின் ஆட்கள் கொன்றவரை மூன்று மகள்களும் மூன்று நாடுகளில் கும்பிட்டிருக்கிறார்கள். பரிகாரமா, குடும்பப் பெயரைக் காப்பாற்றும் சாமர்த்தியமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். ஹென்றியே வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்துபோய் முதுகில் அடி வாங்கிக்கொண்டவர்தானே.

கஸ்தீல் அரசவையில் லியோனோர் ஒதுங்கி இருந்தவர் அல்ல. அல்போன்சோவின் சாசனங்கள் வரிசையாக ‘என் மனைவி லியோனோர் ராணியுடன்’ என்று அவர் பெயரையும் சேர்த்தே பேசுகின்றன. கவிஞர்களும் பாடகர்களும் வந்துபோன சபை அது. பெசாலு ஊர்க்காரரான ராமோன் விடால் என்ற கவிஞர் தன் கதைப்பாட்டு ஒன்றில் ராணி சபைக்குள் நுழைவதைக் காட்டுகிறார்: சிவப்புப் பட்டு மேலங்கி, வெள்ளிக் கரை, தங்கச் சிங்கம். அந்தச் சிங்கம் பிறந்த வீட்டுச் சின்னம். புகுந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் அதைக் கழற்றவில்லை.

1187-இல் புர்கோஸ் நகரத்துக்கு வெளியே ராஜாவும் ராணியும் சேர்ந்து கன்னியர்களுக்காக ஒரு மடம் கட்டினார்கள். பெயர் லாஸ் உவெல்காஸ். சிஸ்டெர்சியன் சபையைச் சேர்ந்தது. சாதாரண மடமில்லை. தலைவியான அன்னைக்குக் கீழே ஊர்கள், நிலங்கள், வழக்கு விசாரிக்கும் அதிகாரம் எல்லாம் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டு வரை அந்த அதிகாரம் நீடித்தது. ராஜ குடும்பத்துக்குக் கல்லறையும் அதுவே. ராணியும் ராஜாவும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரட்டைக் கல்பெட்டியில் ஒன்றில் கஸ்தீலின் கோட்டைகள், இன்னொன்றில் இங்கிலாந்தின் சிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள கல்லறைகளைத் திறந்தபோது கிடைத்த துணிகள் இன்று மடத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூத்த மகள் பெரெங்கேலாவின் தலைக்கு அடியில் வைத்த தலையணை உறையைச் சொல்ல வேண்டும். சிவப்புப் பட்டு, நடுவில் வட்டம், வட்டத்தைச் சுற்றி அரபு எழுத்து. எழுதியிருப்பது, இறைவன் ஒருவனைத் தவிர வேறு இறைவன் இல்லை என்ற இஸ்லாமிய உறுதிமொழி. வாழ்நாள் முழுக்க முஸ்லிம்களோடு சண்டை போட்ட வீடு. நல்ல பட்டுக்கு மட்டும் அந்தப் பகை கிடையாது.

லியோனோர் பெற்றது பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாது. பல குழந்தைகள் தங்கவில்லை. பெரெங்கேலா மூத்தவர், 1180-இல் பிறந்தவர். எட்டு வயதில் அவருக்கு ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசாவின் மகன் கொன்ராடோடு நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை நேரில் வந்து காரியோன் நகரில் அல்போன்சோ கையால் வீரப்பட்டமும் வாங்கிக்கொண்டார். மறு வருடமே வீட்டில் ஆண் வாரிசு ஃபெர்னாந்தோ பிறந்ததும், கஸ்தீலே சீதனமாக வரும் என்ற ஆசை ஆவியாயிற்று. சம்பந்தமும் முறிந்தது.

அடுத்த சம்பந்தத்தில்தான் லியோனோரின் கை தெளிவாகத் தெரிகிறது. 1195 ஜூலையில் அலார்கோஸ் போர்க்களத்தில் முஸ்லிம்களான அல்மோஹாத் படையிடம் அல்போன்சோ படுதோல்வி அடைந்தார். அந்த நேரம் பார்த்து லியோன் மன்னர் ஒன்பதாம் அல்போன்சோ பின்பக்கம் பாய்ந்தார். ஒரே பெயரில் இரண்டு ராஜாக்கள். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். லியோன்காரருக்குப் பெண் கொடுத்து வாயை அடைப்போம் என்று யோசனை வந்தது. உறவுமுறை உதைக்கிறதே என்று கஸ்தீல் அல்போன்சோ தயங்க, அவரைச் சம்மதிக்க வைத்தது ராணிதான் என்று தொலேடோ பேராயர் ரோத்ரிகோ ஹிமேனெஸ் தெ ராதா தன் வரலாற்று நூலில் எழுதுகிறார். 1197-இல் வயாதோலித் நகரில் கல்யாணம் நடந்தது.

உறவுமுறை எப்படி உதைத்தது? இரண்டு அல்போன்சோக்களும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அதாவது பெரெங்கேலாவுக்கு மாப்பிள்ளை சித்தப்பா முறை. நம் ஊர்க்காரர்களே கையை உதறுவார்கள். ஆனால் அதே லியோன் மன்னரின் முதல் மனைவி, போர்ச்சுகல் இளவரசி தெரேசா, அவருக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். நம் கணக்கில் பத்தரை மாற்று முறைப்பெண். அந்தக் கல்யாணத்தையும் போப் செல்லாது என்றுதான் சொல்லியிருந்தார். ஏழு தலைமுறைக்குள் எந்தப் பக்கம் ரத்த உறவு இருந்தாலும் கூடாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். ஐரோப்பிய ராஜாக்களில் அதற்குத் தப்பியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதால், 1215-இல் நான்கு தலைமுறையாகக் குறைத்தார்கள். பெரெங்கேலாவின் கல்யாணத்தையும் போப் மூன்றாம் இன்னொசென்ட் விடவில்லை. ஐந்து பிள்ளைகள் பிறந்த பிறகு, 1204-இல் பெரெங்கேலா கணவரைப் பிரிந்து அம்மா வீடு வந்து சேர்ந்தார். அந்த ஐந்தில் ஒருவன் பெயரும் ஃபெர்னாந்தோ. மாமன் பெயரைத் தாங்கியவன்.

இப்போது பாட்டிக்கு வருவோம். கஸ்தீலில் இரண்டு மாதம் போலத் தங்கினார். மூத்தவள் உர்ராகா, இளையவள் பிளாங்கா. எல்லோரும் எதிர்பார்த்தது உர்ராகாவை. பாட்டி கையைப் பிடித்து அழைத்துப்போனது பன்னிரண்டு வயது பிளாங்காவை. உர்ராகா என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நுழையாது என்பதற்காக மாற்றினார்கள் என்று ஒரு கதை காலம்காலமாக ஓடுகிறது. நான் நம்பவில்லை. வேண்டுமானால் பெயரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிளாங்காவே அங்கே போய் பிளான்ஷ் ஆனவள்தான். இரண்டு ராஜாக்களுக்கு மனைவியாக இருந்து, ஒருவரிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் சிறைப்பட்டும் கிடந்த ஒரு பெண், இரண்டு மாதம் பேத்திகளோடு உட்கார்ந்து எழுந்து எடுத்த முடிவு அது. எந்தப் பெண் பிரெஞ்சு அரண்மனையில் தாக்குப்பிடிப்பாள் என்று அவருக்குத் தெரியாதா?

ஈஸ்டர் சமயம் போர்தோ வந்து சேர்ந்தார்கள். அங்கே ரிச்சர்டின் பழைய தளபதி மெர்காதியே தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். பாட்டி களைத்துப்போய் ஃபோந்தவ்ரோ மடத்துக்கு ஒதுங்கிவிட, போர்தோ பேராயர் பெண்ணை வடக்கே கூட்டிப்போனார். 1200 மே 23 அன்று திருமணம். அதுவும் பிரான்சில் இல்லை. ஜானின் நார்மண்டி பக்கத்தில். மாப்பிள்ளையின் அப்பா பிலிப், டென்மார்க் மனைவியைத் தள்ளி வைத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக, போப் பிரான்ஸ் முழுக்கத் தேவாலயக் காரியங்களை நிறுத்தி வைத்திருந்தார். மாமனாரின் கல்யாண வழக்கால் மருமகளின் கல்யாணம் வெளியூரில்!

உர்ராகாவும் வீட்டோடு இருந்துவிடவில்லை. சில வருடத்தில் போர்ச்சுகல் இளவரசர் அஃபோன்சோவுக்கு வாழ்க்கைப்பட்டு, 1211-இல் அந்நாட்டு ராணியானார். அவர் பெற்ற பிள்ளைகளில் இரண்டு பேர் அடுத்தடுத்து போர்ச்சுகலை ஆண்டார்கள். இன்னொரு மகள் கான்ஸ்தான்சா லாஸ் உவெல்காஸ் மடத்தில் கன்னியானார்.

1204-இல் பாட்டி இறந்தார். காஸ்கனி எங்களுடையது என்று கஸ்தீல் அல்போன்சோ படையெடுத்துப் போனார். எதிரே மைத்துனர் ஜான். போர்தோவும் பயோனும் கதவைத் திறக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் பிடித்து, பிறகு அதையும் விட்டுவிட்டுத் திரும்பினார். தன் சாசனங்களில் ‘காஸ்கனியின் அதிபதி’ என்று போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

1211 அக்டோபரில், தெற்கே படையெடுத்துத் திரும்பிய வாரிசு ஃபெர்னாந்தோ மாட்ரிட்டில் காய்ச்சல் கண்டு இறந்தார். வயது இருபத்திரண்டுகூட நிறையவில்லை. அந்தக் காலத்து லத்தீன் வரலாறு ஒன்று இங்கே சட்டென்று நின்று லியோனோரைப் பார்க்கிறது. ராணி மகன் கிடந்த கட்டிலிலேயே ஏறிப் படுத்து, வாயோடு வாய் வைத்து, கையோடு கை கோத்து, ஒன்று அவனை உயிர்ப்பிப்பது, இல்லையேல் அவனோடு போய்விடுவது என்று கிடந்தாராம். படையெடுப்பும் தானப் பட்டியலுமாக நிரம்பிய ஏட்டில் இந்த ஓரிடம் மட்டும் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. உடலைப் புர்கோஸ் மடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை அக்கா பெரெங்கேலா ஏற்றுக்கொண்டார்.

மறு வருடம் ஜூலை 16 அன்று லாஸ் நாவாஸ் தெ தொலோசாவில் கஸ்தீல், அராகன், நவார் மன்னர்கள் மூவரும் சேர்ந்து அல்மோஹாத் படையை உடைத்தார்கள். அல்போன்சோவைப் பற்றிய எந்தப் புத்தகமும் இந்த வெற்றியில்தான் உச்சம் தொடும். அந்தச் சேதியை பெரெங்கேலா பிரான்சில் இருந்த தங்கைக்குக் கடிதமாக எழுதினார். அப்பா ஜெயித்த கதையை அக்கா சொல்லும் அந்தக் கடிதம் இன்றும் கிடைக்கிறது.

1214 அக்டோபரில், போர்ச்சுகல் மருமகனைச் சந்திக்கப் போகும் வழியில், குத்தியெரே முன்யோஸ் என்ற சிற்றூரில் அல்போன்சோ இறந்தார். காய்ச்சலில் படுத்திருந்த லியோனோர், பத்து வயது மகன் என்ரிகேவையும் நாட்டையும் பெரெங்கேலாவிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த மாதம் 31-ஆம் தேதி கண்ணை மூடினார். இடையில் இருந்தது நான்கு வாரத்துக்கும் குறைவு. அல்போன்சோ ராணியை மறந்து தொலேடோவில் ஒரு யூதப் பெண்ணோடு ஏழு வருடம் கிடந்தார் என்ற கதையும் உண்டு. இருவரும் போய்ப் பல பத்தாண்டு கழித்துக் கிளம்பிய கதை அது. ஃபாய்ஷ்ட்வாங்கர் 1955-இல் அதை நாவலாக்கியதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. லியோனோரைப் பலருக்குத் தெரிந்திருப்பதே அந்தக் கதையின் பொறாமைக்கார மனைவியாகத்தான். கொடுமை.

அவர் போன பிறகு நடந்ததைப் பார்த்தால்தான் அவர் வளர்த்த வளர்ப்பு தெரியும். 1217 ஜூனில் பலென்சியா நகரில் விளையாடிக்கொண்டிருந்த பையன் ராஜா என்ரிகேயின் தலையில் ஓடு விழுந்து உயிர் போனது. பெரெங்கேலா சேதி லியோனுக்கு எட்டாதபடி பார்த்துக்கொண்டார். அப்பாவிடம் இருந்த மகன் ஃபெர்னாந்தோவை அம்மா பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்லி வரவழைத்தார். முன்னாள் கணவருக்கு விஷயம் புரிவதற்குள் வயாதோலித்தில் பெரெங்கேலாவை ராணி என்று ஏற்றுக்கொண்டார்கள். கையோடு அவர் மகனுக்குப் பட்டத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

1230-இல் அந்த முன்னாள் கணவரும் இறந்தார். லியோன் நாட்டை தெரேசாவுக்குப் பிறந்த இரண்டு மகள்களுக்கு விட்டிருந்தார். போர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தெரேசாவும் பெரெங்கேலாவும் வலென்சியா தெ தோன் ஹுவான் என்ற ஊரில் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். ஒரே ஆளுக்கு மனைவியாக இருந்தவர்கள், இருவர் கல்யாணத்தையும் போப் ரத்து செய்திருந்தார், இருவருக்கும் பிள்ளைகள் இருந்தன. பெண்கள் இருவருக்கும் ஆண்டுக்கு 30,000 மராவேதி பொன், நாடு ஃபெர்னாந்தோவுக்கு என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து கஸ்தீலும் லியோனும் ஒரே முடியின் கீழ். லாஸ் நாவாஸ் போர்க்களத்தைவிட இந்த உட்கார்ந்த பேச்சு ஸ்பெயினின் வரலாற்றை அதிகம் மாற்றியது என்பது என் கட்சி.

பிரான்சில் பிளான்ஷ் சும்மா இருந்தாரா? ஜானுக்கு எதிராக ஆங்கிலப் பிரபுக்கள் கிளம்பியபோது, இரண்டாம் ஹென்றியின் பேத்தி என் மனைவி, ஆகவே முடி எனக்கு என்று லூயி 1216-இல் இங்கிலாந்தில் இறங்கினார். அம்மா வழி ரத்தத்தை வைத்து மாமன் நாட்டின் மீது வழக்கு! ஜெயிக்கவில்லை. ஆனால் 1226-இல் கணவர் இறந்ததும் சிறுவன் ஒன்பதாம் லூயிக்காக பிளான்ஷ் நாட்டை ஆண்டதை பிரான்ஸ் மறக்கவில்லை. அவரை அழைத்துவந்த பாட்டியின் கண் தப்பவில்லை. அந்த லூயியும் கஸ்தீல் ஃபெர்னாந்தோவும் அக்கா தங்கை பிள்ளைகள். பிற்காலத்தில் இருவரையுமே திருச்சபை புனிதர் வரிசையில் வைத்தது.

கடைசி மகள் சின்ன லியோனோர். 1221-இல் அராகன் மன்னர் முதலாம் ஹைமேவுக்கு, அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போதே கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மகன் பிறந்தான். இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே என்று 1229-இல் அந்தக் கல்யாணமும் ரத்தானது. ரத்து செய்த சபை கூடியது, அவள் பெற்றோர் மாலை மாற்றிய அதே தாராசோனாவில். அவள் லாஸ் உவெல்காஸ் வந்துவிட்டாள். பேத்திகள் வழியாகச் சொந்தம் டென்மார்க் வரை, கான்ஸ்டான்டினோபிள் வரை போனது. எல்லாம் சொன்னால் ஒரு வாரம் போதாது.

சீதனத் தகராறு பாக்கி இருக்கிறது. பெரெங்கேலாவின் பேரன் பத்தாம் அல்போன்சோ, பழைய காஸ்கனி உரிமையைத் தூசி தட்டி எடுத்தார். எதிர்த் தரப்பில் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி. சண்டைக்கு வழி தேடிக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் குடும்பப் பழக்கப்படி கல்யாணத்தில் வந்து முடிந்தன. 1254-இல் ஹென்றியின் மகன் எட்வர்ட், பதினைந்து வயதுப் பையன், புர்கோஸ் வந்தான். லாஸ் உவெல்காஸ் மடத்தில் அல்போன்சோ அவனுக்கு வீரப்பட்டம் கட்டி, தன் மாற்றாந்தாய் மகளான தங்கையையும் கட்டிக்கொடுத்து, காஸ்கனி மீது இனி எங்களுக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தங்கையின் பெயரும் லியோனோர்தான், கொள்ளுப்பாட்டியின் பெயர். இங்கிலாந்தில் அவளை எலினோர் என்றார்கள். அவளுக்காகக் கணவன் ஊர் ஊராகக் கல் சிலுவை நட்ட கதை அடுத்த வாரம்.

(தொடரும்)